இந்த வாரம் எந்தப் பக்கம்

டுலூத் நகரத்தில் தெருக்கள் எல்லாம்
ஏரியைப் பார்த்துச் சரிந்து நிற்கும்.
பனி விழத் தொடங்கினால்
ஒரு வாரம் இரட்டைப்படை வீடுகளின் பக்கம்,
மறுவாரம் ஒற்றைப்படைப் பக்கம்
வண்டியை மாற்றி நிறுத்த வேண்டும்.
சட்டம் இவ்வளவுதான்.
இதைச் சொல்ல எங்கள் நகராட்சி இணையதளம்
பதினோரு பக்கங்களை எடுத்துக்கொண்டது.

வேலைக்குச் சேர்ந்த அன்று
முகப்பில் பொத்தான்களை எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.
நடுவில் எப்போதோ இருந்த மேயர்
எதற்கோ ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் ஒரு துறை,
ஒவ்வொரு துறைக்கும் ஒரு மனத்தாங்கல்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் சோதனை அறை.
இரவுப் பணி முடித்து
செவிலியர் உடையைக்கூட மாற்றாமல் வந்தாள்
ஒடெஸா டில்பரி.
"அபராதம் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.
"வைத்துக்கொள்வானேன்?" என்று
கைப்பையிலிருந்து நிஜச் சீட்டையே எடுத்தாள்.
நனைந்து காய்ந்து அப்பளமாகியிருந்தது அது.

சீட்டில் இருந்த எண் பத்து இலக்கம்.
கட்டம் கேட்டது பன்னிரண்டு.
முன்னால் இரண்டு சுழி போட வேண்டும் என்பது
எங்களில் நான்கு பேருக்குத் தெரியும்.
அதில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

செல்லாத உள்ளீடு,
என்றது திரை, சிவப்பாக.
"மன்னிக்கணும்" என்றாள் திரையைப் பார்த்து.
செல்லாத உள்ளீடு.
"மன்னிக்கணும்."
இருட்டில்கூட நரம்பைத் தடவிக் கண்டுபிடிக்கும் விரல்
'சமர்ப்பி'யின் மேல் தொடாமல் நின்றது.

என் குறிப்புத்தாளில்
'பயனர் தவறு' என்று ஒரு கட்டம் இருந்தது.
அதை அடித்தேன்.
அழுத்தி அடித்ததில்
அடுத்த மூன்று தாள்களிலும் கோடு விழுந்தது.

பிறகு எட்டு மாதம், வெட்டுவதே வேலை.
சுழிகளை இயந்திரமே போட்டுக்கொண்டது.
'மேற்படி வாகனத்தின் உரிமையாளர்' என்பது
'நீங்கள்' ஆவதற்கு
சட்டப் பிரிவோடு மூன்று வாரம் வாதாடினேன்.
மேயரைத் தூக்கியதற்கு வந்த கண்டனக் கடிதம்
இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.

நிதித்துறை ராண்டல் கோஸ்கெலா
வரைபடத்தோடு வந்து நின்றார்,
கல்லாவில் யாரோ கைவைத்தது போல.
"தாமதக் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு போச்சு.
வருகிறவர்கள் தங்குவதும் இல்லை.
நாற்பது விநாடி, போய்விடுகிறார்கள்."
ஆமாம் என்றேன்.
அவர் காத்திருந்தார்.
என்னிடம் வேறு பதில் இல்லை.

குழப்பத்தை வரவினம் என்று
எந்த வரவு செலவிலும் யாரும் எழுதுவதில்லை.
ஆனாலும் அந்தப் பணத்தில்தான்
போன வருடம் எங்கள் அறைக்கு
முதுகு சாயும் நாற்காலிகள் வந்தன.
அதில் சாய்ந்துகொண்டுதான்
ஆமாம் என்று சொல்லியிருந்தேன்.

இப்போது முகப்பில் ஒரு வரி:
இந்த வாரம் இரட்டைப்படைப் பக்கம்.
கீழே ஒரு கட்டம்.
இதற்கா எட்டு மாதம், என்று எழுதிக் கேட்டார்
மேட்டுத் தெருவிலிருந்து ஒருவர்.
நியாயமான கேள்வி.

ஒடெஸாவை ஒருநாள்
மளிகைக்கடை வரிசையில் பார்த்தேன்.
முட்டை, பூனைத் தீனி, ஒரு கட்டு வெங்காயத்தாள்.
தளம் இப்போது எப்படி என்று கேட்க வாயெடுத்தேன்.
"எந்தத் தளம்?" என்பாள் என்ற நம்பிக்கையில்
கேட்காமல் விட்டேன்.

ஞாயிறு இரவு ஓரடிப் பனி.
தெருவே எழுந்து
வண்டிகளை எதிர்ப்பக்கம் மாற்றியிருக்கிறது.
காலையில் பனிவாரி வண்டி
ஒரே ஒரு காரைச் சுற்றி
வளைந்து போயிருந்த தடம் தெரிந்தது.
கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் சீட்டு.

நின்ற இடத்திலேயே கட்டினேன்.
கையுறையை
ஒரு கைக்கு மட்டும்தான் கழற்ற வேண்டியிருந்தது.